விண்டோஸ் 11-க்கு மாறும்போதும் ஃபார்மேட் போடும்போதும் உங்கள் ஃபைல்களைக் காப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. அதனால் பலர் 11-க்கு மாறுகிறார்கள். சிலர் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று ஃபார்மேட் போடுகிறார்கள். இரண்டிலும் புகைப்படமும் கணக்கும் கடிதமும் தொலைவது வழக்கமாக ஒரே காரணத்தால்தான்: ஃபைல் எங்கே இருக்கிறது என்று நாம் நினைத்த இடம் வேறு, அது உண்மையில் இருந்த இடம் வேறு. கீழே உள்ள பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். திரையில் ஆங்கிலத்தில் வரும் சொற்களை அதே ஒலியில் எழுதியிருக்கிறோம்.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு அப்கிரேடு செய்தால் என் ஃபைல்கள் போய்விடுமா?

போகாது, முறையாகச் செய்தால். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் வழியாகவோ, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே செட்டப் ஃபைலைத் திறந்தோ மாறினால் ஃபைல்கள், சாஃப்ட்வேர்கள், செட்டிங்ஸ் மூன்றும் அப்படியே இருக்கும். செட்டப்பில் ‘சூஸ் வாட் டு கீப்’ என்ற திரை வரும். அதில் மூன்று தேர்வுகள்: ‘கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’, ‘கீப் பர்சனல் ஃபைல்ஸ் ஒன்லி’, ‘நத்திங்’. முதலாவதுதான் உங்களுக்கு வேண்டியது.

அந்த முதல் தேர்வு மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நீங்கள் டவுன்லோடு செய்த விண்டோஸின் மொழியோ பதிப்போ இப்போது இருப்பதோடு பொருந்தவில்லை என்று பொருள். இருப்பது யுகே ஆங்கிலம், டவுன்லோடு செய்தது யுஎஸ் ஆங்கிலம் என்றால்கூட இது நடக்கும். சரியான மொழியில் மறுபடி டவுன்லோடு செய்தால் தேர்வு திறந்துகொள்ளும். ‘பரவாயில்லை, ஃபைல் மட்டும் இருந்தால் போதும்’ என்று இரண்டாவதை அழுத்தினால் டேலி, பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அதாவது கம்ப்யூட்டரை அதிலிருந்தே தொடங்க வைத்து, விண்டோஸ் போடுவது முற்றிலும் வேறு வேலை. அதில் இந்த மூன்று தேர்வுகள் கிடையாது.

விண்டோஸே ஃபைல்களை வைத்துக்கொள்கிறேன் என்கிறதே, பேக்கப் எதற்கு?

2018 அக்டோபரில் நடந்ததைச் சொன்னால் புரியும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த மாதம் 2-ஆம் தேதி வெளியிட்டது. சிலருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் மொத்தமாக அழிந்துபோயின. சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13-ஆம் தேதிதான் மறுபடி விட்டார்கள்.

என்ன நடந்தது? டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு. அப்படி மாற்றியவர்களில் சிலர், பழைய இடத்தில் இருந்த ஃபைல்களை நகர்த்தாமல் விட்டிருந்தார்கள். பழைய ஃபோல்டர்கள் காலியாகத் தேவையில்லாமல் நிற்கின்றன என்று புகார் வந்ததால், அவற்றை நீக்கும்படி புதிய பதிப்பில் ஒரு மாற்றம் சேர்த்திருந்தார்கள். அது காலியா இல்லையா என்று பார்க்காமல், உள்ளே இருந்தவற்றோடு சேர்த்து நீக்கியது.

ஃபைல் இழந்தவர்கள் தவறாக எதையும் அழுத்தவில்லை. அப்டேட் கேட்டார்கள், அவ்வளவுதான். அதோடு, அப்கிரேடின் நடுவில் கரண்ட் போவதும், பழைய ஹார்ட் டிஸ்க் அந்தச் சுமை தாங்காமல் நிற்பதும் உண்டு. இருபது, முப்பது ஜிபி எழுதி அழிக்கும் வேலை அது. ஏற்கெனவே நலிந்த டிஸ்க் சாகும் நாள் பெரும்பாலும் அப்படியொரு நாள்தான்.

என் ஃபைல்கள் எல்லாம் டி டிரைவில் இருக்கின்றன. அது பத்திரம்தானே?

நம் ஊரில் அதிகம் பேரை ஏமாற்றிய நம்பிக்கை இது. ‘சி-யை மட்டும்தான் ஃபார்மேட் செய்வார்கள், டி-யைத் தொட மாட்டார்கள்’ என்பது பாதி உண்மை. எங்கே சறுக்கும் என்று பாருங்கள்.

பல கம்ப்யூட்டர்களில் சி, டி, இ எல்லாம் ஒரே டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதிகள் (பார்ட்டிஷன்கள்). டிஸ்க் கெட்டால் மூன்றும் சேர்ந்தே போகும்.

அடுத்தது, பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது வரும் திரையில் சி, டி என்ற எழுத்துகளே இருக்காது. ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3’, ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 4’ என்றுதான் வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் எது சி, எது டி என்று அந்த நேரத்தில் தெரியாது.

மூன்றாவதுதான் கொடுமையானது. டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்ற பட்டியலை எழுதி வைக்க எம்பிஆர் என்ற பழைய முறையும் ஜிபிடி என்ற புதிய முறையும் உண்டு. பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கும். யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் செய்து விண்டோஸ் போட முயன்றால், ‘இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, ஜிபிடி டிஸ்க்கில்தான் போட முடியும்’ என்று மறுத்துவிடும். உடனே இணையத்தில் பார்த்து எல்லாப் பார்ட்டிஷனையும் டெலிட் செய்பவர்கள் உண்டு. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியைத் திறந்து ‘கிளீன்’ கொடுப்பவர்களும் உண்டு. அந்த ஒரு சொல்லில் டி, இ எல்லாமே போயிற்று. அழிக்காமல் மாற்ற ‘எம்பிஆர்டுஜிபிடி’ என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் டி, இ என்று லாஜிக்கலாகப் பிரித்திருந்தாலோ அது வேலை செய்யாது. பழைய அசெம்பிள் கம்ப்யூட்டர்களில் அப்படித்தான் பிரித்திருப்பார்கள்.

ஆகவே டி டிரைவும் பேக்கப் எடுக்க வேண்டிய இடம்தான். கம்ப்யூட்டருக்கு வெளியே, கேபிளைக் கழற்றி மேசை மேல் வைக்க முடிகிற ஒன்றில் இருப்பதுதான் பேக்கப்.

எந்தெந்த ஃபோல்டர்களை எடுக்க வேண்டும்?

சி டிரைவில் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர். இதை மொத்தமாக எடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் இதற்குள்தான். வீட்டில் இரண்டு, மூன்று பேருக்குத் தனித்தனி லாகின் இருந்தால் அத்தனை பேருடைய ஃபோல்டரும் வேண்டும். பக்கத்திலேயே ‘பப்ளிக்’ என்று ஒன்று இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு சி டிரைவைத் திறந்து, விண்டோஸ் உருவாக்காத ஃபோல்டர் ஏதாவது நேரடியாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘நியூ ஃபோல்டர்’, ‘ஸ்கேன்’, ‘ஆபீஸ்’, ‘போட்டோ 2019’ என்று அவசரத்தில் போட்டவை அங்கே கிடக்கும். ஸ்கேனர்களோடு வரும் சாஃப்ட்வேர்கள் தாங்களாகவே ஒரு ஃபோல்டரைத் தேர்ந்துகொண்டு அதில் சேமிப்பதும் உண்டு. ஒரு பக்கம் ஸ்கேன் செய்து அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

‘ஆப்டேட்டா’ என்ற ஃபோல்டர் மறைந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்தால் உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் தெரியும். பிரவுசர் புக்மார்க்குகள், தண்டர்பேர்டு மெயில், ஸ்டிக்கி நோட்ஸில் எழுதி வைத்த குறிப்புகள், பல விளையாட்டுகளின் சேவ் ஃபைல்கள் எல்லாம் இதற்குள்தான் வாழ்கின்றன. மொத்தமும் எடுத்தால் பல ஜிபி ஆகும், அதில் பெரும்பகுதி குப்பை. ஆனாலும் இடம் இருந்தால் மொத்தமாக எடுத்துவிடுங்கள். என்ன வேண்டும் என்று பிறகு ஆற அமரத் தேடிக்கொள்ளலாம்.

அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் டாக்குமென்ட்ஸுக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரைப் பாருங்கள். பிஎஸ்டி என்று முடியும் ஃபைல் இருந்தால் அதுதான் உங்கள் மெயில் மொத்தமும். பிஓபி முறையில் அமைத்த கணக்கில், மெயில்கள் சர்வரிலிருந்து நீங்கி அந்த ஒரே ஃபைலில் மட்டும் இருக்கலாம். அவுட்லுக்கை மூடிவிட்டுக் காப்பி எடுங்கள், திறந்திருந்தால் எடுக்க விடாது. ஓஎஸ்டி என்று முடிவது சர்வரில் உள்ளதன் நகல், அது வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உரையாடல்களின் மூலம் போனில் இருக்கிறது, மறுபடி க்யூஆர் ஸ்கேன் செய்தால் வந்துவிடும். கம்ப்யூட்டரில் நீங்கள் சேமித்த படங்கள் டவுன்லோட்ஸில் இருக்கும்.

ஜிஎஸ்டி, வருமான வரிக்கான டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது, ஃபார்மேட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. டோக்கனின் டிரைவர் மட்டும் திரும்பப் போட வேண்டும்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள்?

ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் பாஸ்வேர்டு வராது. இதைத் தெரியாமல் பலர் மாட்டுகிறார்கள். குரோமும் எட்ஜும் பாஸ்வேர்டுகளை உங்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டி வைக்கின்றன. விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் பெயர் அதே பெயராக இருந்தாலும் கணக்கு வேறு, சாவி வேறு. பழைய ஃபோல்டரை எடுத்து வைத்தால் புக்மார்க்குகள் தெரியும், பாஸ்வேர்டு பட்டியல் பயன்படாது.

இரண்டு வழிகள். கூகுள் கணக்கில் சின்க் செய்து, இன்னொரு கருவியில் அதே கணக்கைத் திறந்து பாஸ்வேர்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அல்லது பாஸ்வேர்டு மேனேஜரின் செட்டிங்ஸில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுங்கள். அப்படி வரும் சிஎஸ்வி ஃபைலைத் திறக்கிற யாரும் எல்லாப் பாஸ்வேர்டையும் படிக்கலாம். புதிய விண்டோஸில் ஏற்றியதும் அதை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

ஃபயர்ஃபாக்ஸ் வேறு மாதிரி. அதன் புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்துப் புதிய இடத்தில் வைத்தால் பாஸ்வேர்டும் சேர்ந்தே வரும்.

டேலி கணக்கு எங்கே இருக்கிறது?

கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று காட்டும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டேலி பிரைமில் அது பெரும்பாலும் யூசர்ஸுக்குள் உள்ள பப்ளிக் ஃபோல்டரில் இருக்கும். உங்கள் பெயர் ஃபோல்டரை மட்டும் எடுத்தவர்கள் கணக்கைக் கோட்டை விடுவது இதனால்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் இருக்கும்.

டேலி பிரைமில் ஆல்ட் விசையோடு ஒய் அழுத்தி, பேக்கப் கொடுத்து, வெளி டிரைவைக் காட்டுங்கள். அது போதும் என்று நிற்காமல், டேலியை மூடிவிட்டு டேட்டா ஃபோல்டரையும் அப்படியே காப்பி எடுங்கள். ஒன்று திறக்காவிட்டால் இன்னொன்று இருக்கும். ஃபார்மேட்டுக்கு முன் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்துவிட்டால் பிறகு ஆக்டிவேட் செய்வது எளிது.

பழைய தமிழ் டாக்குமென்ட்கள் ஃபார்மேட்டுக்குப் பிறகு ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஃபாண்ட் இல்லை, அவ்வளவுதான். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்ட்களில் அடித்த டாக்குமென்டில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். அந்த ஃபாண்ட் இருக்கும்வரை அவை தமிழ் வடிவத்தில் தெரியும். ஃபார்மேட் போட்டதும் ஃபாண்ட் போய்விடுகிறது, பத்திரமும் கல்யாணப் பத்திரிகையும் அர்த்தமில்லாத எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் நிற்கின்றன. இதைப் பார்த்து ஃபைல் கெட்டது என்று அழித்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது: ஃபாண்ட்களையும் காப்பி எடுப்பது. இரண்டு இடங்கள் உண்டு. சி டிரைவில் விண்டோஸுக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ ஒன்று. இரண்டாவதைப் பலர் அறிய மாட்டார்கள்: உங்கள் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்று போனால் வரும் ஃபோல்டர். இப்போதைய விண்டோஸில் சாதாரணமாக ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் ஃபாண்ட் போய்ச் சேர்வது அங்கேதான். அதனால் விண்டோஸ் ஃபாண்ட்ஸை மட்டும் எடுத்தால் உங்களுடையது விட்டுப்போகும்.

நேரம் இருந்தால் முக்கியமான டாக்குமென்ட்களை, தனி ஃபாண்ட் இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி இன்னொரு காப்பியாக வையுங்கள். அடுத்த முறை இந்தக் கவலையே இருக்காது. தட்டச்சுக்கு எந்தச் சாஃப்ட்வேர், எந்த விசைப்பலகை வைத்திருந்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்99 விசைப்பலகை இன்றைய விண்டோஸிலேயே இருக்கிறது.

எல்லாம் ஒன்டிரைவில் இருக்கிறதே?

எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் இந்த இணையச் சேமிப்பில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. நிறைந்ததும் புதிய ஃபைல்கள் மேலே ஏறாமல் நின்றுவிடும், பணிப்பட்டையில் ஒரு சின்னக் குறியோடு. மாதக்கணக்கில் அதைக் கவனிக்காதவர்கள் உண்டு. அதோடு, ஒன்டிரைவ் பேக்கப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை எடுப்பதில்லை.

ஃபைல் பெயருக்கு அருகே உள்ள குறியைப் பாருங்கள். நீல மேகம் என்றால் அந்த ஃபைல் இணையத்தில் மட்டும் இருக்கிறது, உங்கள் டிஸ்க்கில் இல்லை. பச்சை டிக் என்றால் டிஸ்க்கிலும் இருக்கிறது. சுற்றும் அம்புக்குறி என்றால் இன்னும் ஏறி முடியவில்லை. ஏறி முடியாத ஒன்று இருக்கும்போது ஃபார்மேட் போட்டால் அது எங்கும் இருக்காது.

மேகக் குறியுள்ள ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்தால், விண்டோஸ் ஒவ்வொன்றாக டவுன்லோடு செய்துதான் கொடுக்கும். இணையம் நின்றால் நடுவில் பிழை காட்டும். ஒன்டிரைவின் பிரவுசர் பக்கத்தைத் திறந்து, ஃபைல்கள் அங்கே இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பதுதான் உறுதி.

எதில் காப்பி எடுப்பது? எவ்வளவு நேரமாகும்?

வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது வெளி எஸ்எஸ்டி. பென் டிரைவ் அவசரத்துக்குச் சரி, ஒரே காப்பியாக அதை நம்ப வேண்டாம். 200 ஜிபி-க்கு, யுஎஸ்பி 2 துளையில் விநாடிக்குச் சுமார் 30 எம்பி என்ற வேகத்தில் இரண்டு மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 3 துளையில் ஹார்ட் டிஸ்க் என்றால் அரை மணி முதல் முக்கால் மணி. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் இருந்தால் இன்னும் இழுக்கும்.

வழக்கமாக வரும் மூன்று தடைகள். 4 ஜிபி-க்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறாது என்றால், அந்த டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதைக் காலி செய்து எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறும். ‘பாத் டூ லாங்’ என்று வந்தால், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய் மொத்தப் பெயர் நீளம் 260 எழுத்தைத் தாண்டிவிட்டது. மேலே உள்ள ஃபோல்டரின் பெயரை ஓரிரு எழுத்தாகச் சுருக்கிவிட்டு மறுபடி எடுங்கள். ஒரு ஃபைலில் வந்து நின்று, டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். ‘ஸ்கிப்’ கொடுத்து மற்றவற்றை முதலில் காப்பாற்றுங்கள். அந்த டிஸ்க்கில் புதிய விண்டோஸ் போடுவது வீண்.

இன்னொன்று: விண்டோஸ் போடுவதற்கான பென் டிரைவைத் தயார் செய்யும் மீடியா கிரியேஷன் டூல், அந்தப் பென் டிரைவை முழுக்க அழித்துவிட்டுத்தான் எழுதும். பேக்கப் எடுத்த அதே டிரைவைக் கொடுத்துவிடாதீர்கள். 8 ஜிபி காலிப் பென் டிரைவ் ஒன்று தனியாக வேண்டும்.

காப்பி சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

மூல ஃபோல்டரிலும் காப்பியிலும் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘கன்டெய்ன்ஸ்’ வரியில் ஃபைல் எண்ணிக்கையும், ‘சைஸ்’ வரியில் பைட் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ வேறுபடும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஓரிரு மறைந்த ஃபைல்கள் குறைந்தால் பரவாயில்லை. 14,212-க்கு 13,870 என்று வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் டிரைவைப் பாதுகாப்பாக எஜெக்ட் செய்து, முடிந்தால் இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி, பத்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பழைய படம் ஒன்று, பெரிய வீடியோவின் கடைசி நிமிடம், எக்செல் ஒன்று, பிடிஎஃப் ஒன்று. நீங்கள் எடுத்தது ஷார்ட்கட்டை மட்டும்தான் என்பது இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். டெஸ்க்டாப்பில் இருந்த ‘ஆபீஸ் கணக்கு’ என்ற ஐகான் 2 கேபி என்றால் அது ஃபைல் இல்லை, வழிகாட்டும் அம்புக்குறி. திரும்பிப் போய் மூலத்தைத் தேட இன்னும் நேரம் இருக்கிறது.

பிட்லாக்கர் சாவி என்று கேட்கிறதே, அது என்ன?

டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். ஹோம் பதிப்பிலும் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் இது உண்டு. சாதாரண நாட்களில் நீங்கள் உணர மாட்டீர்கள். விண்டோஸ் 11-க்காக பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் போன்றவற்றின் அமைப்பை மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது. எந்தக் கடையாலும் முடியாது.

எனவே எதையும் தொடும் முன், பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீயைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதுங்கள். சாவியோடு அதன் அடையாள எண்ணும் இருக்கும். பூட்டிய திரையிலும் அதே எண் வரும். இரண்டும் பொருந்துவதுதான் சரியான சாவி. சி டிரைவோடு டி டிரைவும் பூட்டியிருந்தால் டி-க்குத் தனிச் சாவி. இதுவரை டி தானாகத் திறந்துகொண்டதற்கு வேண்டிய தகவல் பழைய சி-யில் இருந்தது. சி-யை ஃபார்மேட் செய்ததும் டி உங்களிடமே சாவி கேட்கும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்து போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முடிந்தால் தரவு உள்ள இரண்டாவது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். டெஸ்க்டாப்பில் இது இரண்டு நிமிட வேலை, வேறெந்த எச்சரிக்கையைவிடவும் உறுதியானது. பேக்கப் டிரைவும் செருகியிருக்கக் கூடாது.

பழைய விண்டோஸ் இயங்கும்போதே டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, பார்ட்டிஷன்களின் வரிசையையும் அளவையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எழுத்துகள் இல்லாத அந்தத் திரையில் அளவு ஒன்றுதான் அடையாளம். 100 எம்பி அளவில் சிஸ்டம், 16 எம்பி-யில் ரிசர்வ்டு, சில நூறு எம்பி-யில் ரெக்கவரி என்று சின்னவை இருக்கும். விண்டோஸ் இருப்பது பெரிய பிரைமரி.

அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மேட்டோ டெலிட்டோ செய்யாமல், அதையே தேர்ந்தெடுத்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால், பழைய விண்டோஸும் யூசர்ஸ் ஃபோல்டரும் ‘விண்டோஸ் ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் போகும். பேக்கப் எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது கடைசிக் கைப்பிடி. இதற்கு டிஸ்க்கில் போதிய இடம் வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ‘எல்லாம் அழியும் என்பதை ஏற்கிறேன்’ என்று டிக் கேட்கும் திரை முன்னாலேயே வருகிறது. அதைப் பேக்கப் கையில் இருந்தால் மட்டும் டிக் செய்யுங்கள்.

பட்டியலில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால் செட்டப்புக்கு டிஸ்க் கண்ணில் படாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து ஐஆர்எஸ்டி என்ற இன்டெல் டிஸ்க் டிரைவரை எடுத்து விரித்துப் பென் டிரைவில் வைத்து, ‘லோடு டிரைவர்’ கொடுத்தால் தெரியும்.

‘ரீசெட் திஸ் பிசி’ போதுமா?

விண்டோஸ் தன்னையே புதிதாகப் போட்டுக்கொள்ளும் வசதி இது. விண்டோஸ் குழம்பிப் போயிருந்தால் போதும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ கொடுத்தால் யூசர்ஸுக்குள் உள்ளவை இருக்கும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்கள் எல்லாம் போகும். போனவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் வைக்கும். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் தங்கள் தரவை வைத்துக்கொள்ளும் பழைய பில்லிங் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அவற்றின் தரவும் சேர்ந்து போய்விடும்.

கடையில் கொடுத்து ஃபார்மேட் போடுகிறேன். என்ன சொல்ல வேண்டும்?

‘டேட்டா வேணும்’ என்று மட்டும் சொன்னால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் எடுப்பார்கள். எந்த ஃபோல்டர்கள் வேண்டும் என்று பாதையோடு எழுதிக் கொடுங்கள். பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாமல் புதிய எஸ்எஸ்டி போட்டு, பழையதைத் திருப்பித் தரச் சொல்லலாம். செலவானாலும் எங்கள் கணிப்பில் இதுவே மிகப் பாதுகாப்பான வழி: பழையது அப்படியே பேக்கப் ஆகிவிடுகிறது.

அப்கிரேடு முடிந்தது. டெஸ்க்டாப் துடைத்துவிட்டது போல் காலியாக இருக்கிறது!

எதையும் சேமிக்காதீர்கள், எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பெரும்பாலும் ஃபைல்கள் இருக்கின்றன.

‘உங்கள் கணக்கில் உள்நுழைய முடியவில்லை’ என்ற அறிவிப்பு வந்திருந்தால் விண்டோஸ் உங்களைத் தற்காலிகக் கணக்கில் உட்கார வைத்திருக்கிறது. அதில் சேமிப்பது எல்லாம் வெளியேறும்போது அழியும். இரண்டு, மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும். சரியாகாவிட்டாலும் யூசர்ஸுக்குள் உங்கள் பழைய பெயர் ஃபோல்டரில் எல்லாம் இருக்கும்.

அறிவிப்பு எதுவும் இல்லையென்றால் ஒன்டிரைவைச் சந்தேகியுங்கள். உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் ஒன்டிரைவ், அதற்குள் டெஸ்க்டாப் என்று இன்னொன்று இருக்கும். பேக்கப் வசதியை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் ஃபைல்கள் இந்த இரண்டு டெஸ்க்டாப்களில் ஒன்றில் தங்கிவிடுகின்றன.

விண்டோஸ் ஓல்டு ஃபோல்டர் எத்தனை நாள் இருக்கும்?

அப்கிரேடு ஆன நாளிலிருந்து 10 நாள். அதுவரை செட்டிங்ஸில் ரெக்கவரிக்குள் ‘கோ பேக்’ கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். பிறகு விண்டோஸ் தானாகவே நீக்கும். ‘டிஸ்க் கிளீனப்’ செய்யும் ஆர்வத்தில் ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்பதை டிக் செய்துவிட்டால் அன்றே போய்விடும். அதிலிருந்து எடுக்க வேண்டியதை முதல் நாளே எடுங்கள்.

பழைய ஃபோல்டரைத் திறக்க ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் ‘கன்டினியூ’ கொடுத்தாலே பெரும்பாலும் திறக்கும். திறக்காவிட்டால் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் என்று போய் உரிமையாளராக உங்கள் பெயரைப் போடுங்கள். ஃபைல் பெயர் பச்சையாகவோ ஐகானில் பூட்டோடோ இருந்தால் இந்த வழி செல்லாது. அது ஃபைல்களைத் தனித்தனியாகப் பூட்டும் இஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வசதி, அதன் சான்றிதழை முன்பே எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்க வேண்டும்.

விண்டோஸே வரவில்லை. ஃபைல்களை எடுக்க முடியுமா?

முடியும். விண்டோஸ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை வரும். அதில் நோட்பேடைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுங்கள். அந்தச் சின்னச் சாளரத்துக்குள்ளேயே ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, வெளி டிரைவில் பேஸ்ட். நகர்வு காட்டும் பட்டை வராது, உறைந்ததுபோல் இருக்கும். பொறுமையாக விடுங்கள்.

நிறைய எடுக்க வேண்டும் என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு என்ற இலவச இயங்குதளம் உள்ள பென் டிரைவிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் ‘ட்ரை’ முறையில் திறப்பது வசதி. பழைய டிரைவைப் படிக்க மட்டும்தான் முடிகிறது என்றால் விண்டோஸ் முழுதாக மூடப்படவில்லை என்று பொருள். காப்பி எடுக்க அதுவே போதும்.

ஃபார்மேட் ஆகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

உடனே அணைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ‘குவிக் ஃபார்மேட்’ என்றால், அதன் மேல் புதிதாக எழுதாதவரை பெரும்பகுதி மீளலாம். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, போட்டோரெக், ரெக்குவா போன்ற மீட்புச் சாஃப்ட்வேர்களால் தேடி, மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். அதே டிஸ்க்கில் சேமித்தால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும். ஃபைல் பெயர்கள் போய் எண்களாக வரக்கூடும், படங்கள் வரும். முழு ஃபார்மேட் என்றால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படுகிறது, மீளாது.

எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ஃபார்மேட் ஆன உடனேயே ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டி உள்ளுக்குள் அவற்றைத் துடைத்துவிடும். முன்பணம் கேட்டு ‘நிச்சயம் மீட்டுத் தருகிறோம்’ என்பவர்களிடம் கவனமாக இருங்கள். போனிலும், நீங்கள் அனுப்பிய மெயில்களின் இணைப்புகளிலும், உறவினர்களின் வாட்ஸ்அப்பிலும், கூகுள் போட்டோஸிலும் முதலில் தேடிப் பாருங்கள். படங்களில் கணிசமானவை அங்கே கிடைப்பது உண்டு.

என் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்கிறது.

டிபிஎம் 2.0, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதல் உள்ள பிராசஸர் வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பழையவை இதற்குள் வராது. அவற்றுக்கு இரண்டு வழிகள். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் அப்டேட் பக்கத்திலேயே பதிந்துகொள்வது ஒன்று. எடை குறைந்த லினக்ஸ் போடுவது மற்றொன்று. லினக்ஸ் இன்ஸ்டாலரில் ‘இரேஸ் டிஸ்க்’ என்ற தேர்வு டி டிரைவையும் சேர்த்தே அழிக்கும். அதை அழுத்தும் முன் பேக்கப் டிரைவ் மேசை மேல், கேபிள் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.